பிளாஸ்திரி ஒட்டிய கேசட்

ஜனவரி 2, திங்கள்

ஜாஸ்மின் தன் பேங்கில் கொடுத்த டைரியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். சீரியலைப் பார்த்து நீயும் சேர்ந்து அழாதே ஆயா, தினம் நாலு வரி எழுது என்றாள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பங்குச் சாமியாரே கேட்டிருக்கிறார், எந்தக் கான்வென்ட்டில் படித்தீர்கள் என்று.

முதல் பக்கத்தில் நல்லதை எழுதுவோம். மஸ்கட்டில் இருக்கும் மூத்த மகன் லியோவின் மகள் ஷெரின் குழந்தைகள் டாக்டர். போன மாதம் அவள் பேசியதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள், போட்டோவோடு. அவள் தம்பி கெவின் மஸ்கட்டில் ஆடிட்டர், வீட்டில் இரண்டு கார். நான் இருப்பது மகள் ஸ்டெல்லா வீட்டில். அவள் மகள் ஜாஸ்மின் பேங்க் ஆபீசர், ஒரே தடவையில் பரீட்சை பாஸ். மகன் பிரவினுக்கு ஓசூரில் வேலை. கேரம் விளையாட்டில் கப்பு வாங்கி வந்து டிவி மேல் வைத்திருக்கிறான். துடைப்பது நான்தான்.

இளைய மகன் கிளமென்ட்டுக்கு ஒரே பெண், நவோமி. ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊர். படித்துக்கொண்டிருப்பாள், அல்லது முடித்திருப்பாள். கேட்க வேண்டும். என்னிடம் இருக்கும் போட்டோவில் அவளுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

ஜனவரி 5, வியாழன்

சிலிண்டர் வந்தது. ஸ்டெல்லாவுக்கு ஆபீசில் மீட்டிங். முருங்கைக்கீரை ஆய்ந்து வைத்தேன்.

ஜனவரி 7, சனி

எங்கள் வீடு மாடியில். கீழே தாமுவின் சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர், மைக், நாற்காலி வாடகைக்கு விடுகிறான். சனிக்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு உள்ளே சில பேர் உட்கார்ந்து பழைய ரிக்கார்டுகள் போட்டுக் கேட்கிறார்கள். இன்று போட்ட போட்டில் ஷெல்பில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. ஒன்று கீழே விழுந்து நசுங்கியது. கேட்டே விடுவோம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கிளமென்ட் ஊரைவிட்டுப் போன காலத்திலிருந்து நான் தாமுவோடு பேசுவதில்லை. பூசையில் பார்ப்பதில்லை, அவன் நம்ம ஆள் இல்லை. தெருவில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவன் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதை எதற்கு இங்கே எழுதுவது.

உள்ளே ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் சுற்றும் ரிக்கார்டு. நான் வாயைத் திறப்பதற்குள் முக்காடு போட்ட ஒரு பெண் உதட்டில் விரலை வைத்துக்காட்டி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நஸ்ரின், பல் டாக்டராம். இன்னொருவர் டெரிக் டிக்ரூஸ், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ரிக்கார்டின் ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தான் கேட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று.

முழங்கால் வலியில் உட்கார்ந்துவிட்டேன். முடிந்ததும் டெரிக், ஊதுகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு நூல் தாமதித்து வருகிறார்கள் என்றார். நஸ்ரின், கை தட்டுகிற கூட்டத்தில் ஒருத்தருக்கு மட்டும் தாளம் நிற்கவில்லை, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்றாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேல என் டம்ளர் எல்லாம் ஆடுது" என்றேன்.

டெரிக் தொடையில் தட்டிச் சிரித்தார். "அது பேஸ் கிதார், மிஸ்ஸஸ் சவரி. நீங்கதான் கரெக்டா கேட்டிருக்கீங்க."

சவரி என் வீட்டுக்காரர் பேர். தாமு சிரிக்கவில்லை. டீ கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை இரண்டு ஸ்பூன், என் அளவு. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. என் அடுப்படியில் சாப்பிட்டு வளர்ந்தவன்தானே.

ஜனவரி 14, சனி

போகிப் புகை, ஊரே இருமுகிறது. நசுங்கிய டம்ளரைத் தாமு தட்டி நிமிர்த்தி வைத்திருப்பதாக நஸ்ரின் மாடிப்படியில் நின்று சொன்னாள். வாங்கத்தான் போனேன். இரண்டு பக்கம் கேட்டுவிட்டு வந்தேன்.

இந்தப் பாட்டுக்கு ஃபங்க் என்று பேராம். அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் கண்டுபிடித்தது. அங்கிருந்து ஆப்பிரிக்கா போய், பம்பாய் போய், நம் பெரம்பூர் வரை வந்திருக்கிறது. இன்று போட்டது ஆப்பிரிக்காக்காரர்களின் ரிக்கார்டு. டெரிக் ஒரு கப்பல்காரரிடம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து வாங்கினாராம். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள் ஆன்ட்டி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் போங்கள் என்றாள் நஸ்ரின். நான் தடித்த தந்தியைப் பிடித்துக்கொண்டேன். கட்டைவிரலால் அடித்துச் சுண்டுகிறார்கள். நாலு அடிக்கு ஒருமுறை எல்லா வாத்தியமும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மற்ற நேரம் ஆளுக்கொரு திசை. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒருவரும் தப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீடு சேர்கிற பிள்ளைகள் மாதிரி.

இந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டு அறையில், மாசக்கணக்காக. அப்போது இதைத் தண்ணீர்த் தொட்டியில் கல் எறிகிற சத்தம் என்றேன்.

ஜனவரி 17, செவ்வாய்

மூட்டுக்குத் தைலம் தீர்ந்துவிட்டது. கெவினுக்கு அவன் ஆபீசில் ஏதோ விருது.

ஜனவரி 21, சனி

நஸ்ரின் இங்கே வருவதே ஒரு கேசட்டைத் தேடித்தானாம். எண்பத்தாறில் இந்தப் பெரம்பூரில் 'செகண்ட் ஷிப்ட்' என்று ஒரு பேண்டு இருந்தது, தமிழ்ப் பையன்கள் ஃபங்க் வாசித்தார்கள், ஒரே ஒரு கேசட்டில் பதிவு செய்தார்கள், அது காணாமல் போய்விட்டது. வெளியூரிலும் இதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்களாம். கிடைத்தால் எல்லோருக்கும் போட்டுக் காட்டலாம் என்று ஆசையாகச் சொல்கிறாள்.

எனக்குச் சொல்ல வேண்டுமா? என் வீட்டுக்காரர் ரயில் பெட்டி பழுது பார்க்கிற கேரேஜ் வொர்க்ஸில் செகண்ட் ஷிப்ட் போகிற வாரம்தான் இவர்கள் எங்கள் பின்கட்டில் வாசிப்பார்கள். அதனால் அந்தப் பேர். பேஸ் கிதார் கிளமென்ட், டிரம் தாமு.

டெரிக் கிண்டியதில் தாமு மிச்சத்தைச் சொன்னான், என்னைப் பார்க்காமல். ஒரு கேசட் கம்பெனிக்காரர் கேட்டுப் பார்க்கிறேன் என்று திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை கேசட் வைத்த இடத்தில் இல்லை. தாமு அதை வேறு குழுவுக்கு விற்றுவிட்டான் என்று கிளமென்ட் நினைத்தான். கையில் சைக்கிள் பம்பு இருந்தது. புருவம் பிளந்தது.

"யாரும் தெரியாம அழிச்சிடக் கூடாதுன்னு கேசட்டு முதுகுல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் துண்டையும் அவனேதான் உடைச்சு வெச்சான். அதை உடைச்சிட்டா ரிக்கார்டு பட்டன் எறங்காது. அவ்ளோ பத்திரம் பண்ணான் சார்" என்றான் தாமு. "பம்புல அடிச்சது வலிக்கல. நான் விப்பேன்னு நெனைச்சான் பாருங்க, அதுதான்."

டீ ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 22, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. அன்றைக்குக் கிளமென்ட் அலமாரியைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டு, அறைக்குள் யார் கடைசியாக இருந்தது என்று என்னைக் கேட்டான். தாமுதான் கடைசியா போனான் என்றேன். நான் பார்த்ததைத்தான் சொன்னேன். பார்த்ததைச் சொல்வது தப்பா?

கிளமென்ட் கிதாரை விற்றான். கப்பல் வேலைக்குப் போனான். பெர்த் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டான். கிறிஸ்துமஸுக்கு போன் வரும். உடம்பு எப்படி, மழை உண்டா. நான் ஷெரின், கெவின் விஷயமெல்லாம் சொல்வேன். சரிம்மா என்று வைத்துவிடுவான்.

ஜனவரி 30, திங்கள்

லியோ மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டான். எனக்குப் புடவை, பேரீச்சம்பழம், ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் கேசட்டுகள். அந்தக் காலத்தில் கடிதம் எழுத நேரமில்லாவிட்டால் கேசட்டில் பேசி, மஸ்கட் போகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவோம். ஒன்றுகூட எறியாமல் வைத்திருக்கிறான். பிள்ளை என்றால் இவன் பிள்ளை.

தாமு கடையில் இன்னொரு சட்டமும் உண்டு. புதிதாக வருகிறவர் சீக்கிரத்தில் தன் பங்காக ஒரு பதிவு கொண்டுவர வேண்டும். என்னிடம் ரிக்கார்டுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது இருக்கிறது. டின்னில் மேலாக இருந்ததை எடுத்து வைத்தேன். என் குரலையும் கேட்கட்டுமே.

பிப்ரவரி 4, சனி

போனேன். கேசட்டைக் கொடுத்தேன்.

நஸ்ரின் திருப்பிப் பார்த்தாள். கேசட்டின் முதுகில் பழுப்பேறிய பிளாஸ்திரி, காயத்துக்கு ஒட்டுவது. "இது யாரு ஆன்ட்டி ஒட்டினது?" என்றாள்.

நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். பீட்டர் என்று லியோவோடு வேலை பார்க்கிற பையன் அன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறான், ஒரு மணி நேரத்தில் ஆட்டோ வந்துவிடும், வீட்டில் புதுக் கேசட் இல்லை. கட்டில் மேல் கிடந்த ஒன்றை எடுத்தேன், சிவப்புப் பட்டன் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தாள், பின்னால் உள்ள ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டினால் இறங்கும் என்று. அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்கு இந்த மூளை என்று டெரிக்கைப் பார்த்தேன்.

தாமு எழுந்து வந்து நஸ்ரின் கையிலிருந்து அதை வாங்கினான். பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். மெஷினில் போட்டான்.

என் குரல் வந்தது. எவ்வளவு தெளிந்த குரல். அன்புள்ள மகன் லியோவுக்கு அம்மா பேசுகிறேன் என்று புத்தகம் வாசிப்பதுபோல் பேசியிருக்கிறேன். ஸ்டெல்லா பத்தாம் வகுப்பில் முதல் ரேங்க். உன் சித்தி மகனுக்குப் போலீசில் வேலை. கிளமென்ட் மட்டும் அந்த மரக்கட்டையைக் கட்டிக்கொண்டு அழுகிறான், கவலைப்படாதே, அப்பா அப்ரண்டிஸுக்கு மனுப் போட்டிருக்கிறார், நாலு மாசத்தில் இந்தச் சத்தம் ஓய்ந்துவிடும். கூட இருக்கும் பையன்களோடு ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு.

டக்கென்று பட்டன் சத்தம். அடுத்த நொடி, பாதிப் பாட்டிலிருந்து, அது வந்தது.

தடித்த தந்தி. கட்டைவிரல். டிரம். நாலு அடிக்கு ஒருமுறை எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. அந்தப் பாதி முடிந்து இன்னொரு முழுப் பாட்டும் வந்தது. நடுவில் ஒரு பையன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா.

எனக்கு எழுந்து போக வேண்டும்போல் இருந்தது. பக்கம் முடியும்வரை எழுந்து போகக்கூடாது. தாமுவின் இரண்டு விரல்களும் முழங்காலில் டிரம்மோடு சேர்ந்தே தட்டிக்கொண்டிருந்தன, ஒரு அடிகூடப் பிசகாமல்.

டேப் ஓடி நின்றது. ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றார். சட்டப்படி அது தான் கேட்ட ஒன்று ஆகாது, ஆனால் யாரும் திருத்தவில்லை. நஸ்ரின் தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாமு சொன்னான்: "ரெண்டாவது பாட்டுல திரும்பி வர்ற எடத்துல ஒரு நோட்டை விட்டுட்டான். நான் அன்னிக்கே சொன்னேன். இல்லவே இல்லைன்னு சண்டை போட்டான்."

என் முறை வந்தது. என்னால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

முழங்கால் வலி. பூசைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

வாழைப்பூ வடை செய்தேன். லியோவுக்குப் பிடிக்கும்.

பிப்ரவரி 9, வியாழன்

அந்தக் கேசட்டில் என் பேச்சுக்கு அப்புறம் ஏதாவது வருமா என்று லியோவிடம் கேட்டேன். "ஏதோ பாட்டு வரும்மா, நான் நிறுத்திடுவேன்" என்றான். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறானாம், ஒவ்வொரு தடவையும் போட்டோ வரைக்கும். மறுபக்கத்தில் என்ன என்றேன். அப்பா பேசினது, ஸ்டெல்லா பாடின மாதா பாட்டு என்றான். அப்படியானால் அந்தப் பக்கத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

கட்டில் மேல் கிடந்தது என்று எழுதியிருக்கிறேன். கட்டில் மேல் கிடக்கவில்லை. அவன் தலையணை உறைக்குள் இருந்தது. ஏதோ சினிமாப் பாட்டுக் கேசட்டை ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் ஓட விட்டுப் பார்த்தேனா என்று நஸ்ரின் கேட்கவில்லை. அந்தப் பெண் நல்ல பெண்.

பிப்ரவரி 11, சனி

போகவில்லை. டம்ளர்கள் ஆடின. பிறகு நின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். தாமு கதவுக்கு வெளியே நின்றான். இந்த வீட்டு வாசலுக்கு வருவது இதுதான் முதல் தடவை.

உள்ளே வா என்றேன். வரவில்லை. நஸ்ரின் அந்தப் பாட்டைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாளாம், வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பத் துடிக்கிறாளாம். தான் தடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

"கிளமென்ட்டு கேக்காம ஊர் கேக்கக் கூடாதும்மா. அவனுக்கு நான் அனுப்பினா, இத்தினி வருசமும் நான்தான் வெச்சிருந்தேன்னு ஆயிடும். நீங்க சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நம்புவான்."

நான் சொன்னதைத்தானே முன்பும் நம்பினான் என்று வாய்வரை வந்தது. கோபமா தாமு என்று மட்டும் கேட்டேன்.

அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். "பம்புல அடிச்ச அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குத் தட்டு வெச்சிருந்தீங்கன்னு உங்க ஸ்டெல்லா சொல்லுச்சு. நான் வரல. அது ஒண்ணுதாம்மா மனசுல நிக்குது."

தட்டு வைத்தேனா? எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருக்கிறது.

பிப்ரவரி 16, வியாழன்

போனை எடுத்தேன். கிளமென்ட் பேர் வந்தது. வைத்துவிட்டேன். அங்கே வேலை நேரமாக இருக்கும்.

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா துடைத்துவிட்டு ஆபீஸ் போனாள். நான் துடைக்கவில்லை.

பிப்ரவரி 25, சனி

நேருக்கு நேர் பேச எனக்குத் தைரியம் இல்லை. போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று நஸ்ரின் வழி சொன்னாள். கடையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நஸ்ரின் போனில் சிவப்புப் புள்ளியைத் தொட்டாள். அன்புள்ள மகன் கிளமென்ட்டுக்கு என்று ஆரம்பித்தேன், ஷெரின் குழந்தைகள் டாக்டர் என்று போயிற்று. அழித்தாள். மறுபடி ஆரம்பித்தேன், கெவினுக்கு விருது என்று போயிற்று. அழித்தாள். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய் நின்றேன். என் வாய்க்கு வேறு வழி தெரியவில்லை.

"மிஸ்ஸஸ் சவரி, நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதச் சொல்லுங்க" என்றார் டெரிக். அன்று நான் சொல்லாமல் விட்ட முறை.

சொன்னேன்.

"கிளமென்ட், அம்மா பேசறேன். உன் கேசட்ட தாமு எடுக்கல. நான் எடுத்தேன். தலகாணி உறையிலேர்ந்து எடுத்து, பிளாஸ்திரி ஒட்டி, அதுமேல அண்ணனுக்குப் பேசி அனுப்பிட்டேன். என்ன கேசட்டுன்னு போட்டுப் பாக்கல. நீ தேடறப்பவும் எனக்குத் தோணல. தோணியிருக்கணும். தாமு பேரச் சொன்னேன். மீதி இருக்கிறத நான் கேட்டேன். நடுவுல நீ சிரிக்கிற. அவ்ளோ சந்தோசமா இருந்தியா, எனக்குத் தெரியலடா."

அதற்குமேல் வரவில்லை. நஸ்ரின் புள்ளியைத் தொடப் போனாள். தாமு கையைக் காட்டி நிறுத்திவிட்டு மெஷினைத் தட்டினான். என் பேச்சு முடிந்த இடத்திலிருந்து பாட்டு ஆரம்பித்தது, அந்தக் கேசட்டில் இருக்கிற மாதிரியே. முடியும்வரை போனை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

போனில் இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, கேட்டுவிட்டான் என்றாள் ஜாஸ்மின். பதில் இல்லை. தவக்காலம், மீன் எடுக்கவில்லை. கத்தரிக்காய் வைத்தேன்.

மார்ச் 1, புதன்

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே தாமுவின் போன் அடித்தது. ஹலோ என்றான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. பிறகு, "டேய், அந்த நோட்டை நீ விட்டுட்டடா, ஊரே கேட்டுச்சு" என்றான். அந்தப் பக்கத்தில் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கீழே தாமு பாட்டைப் போட்டான், போனில் கிளமென்ட்டுக்குக் கேட்க. டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. எடுத்துக் கீழே வைக்கலாம் என்று எழுந்தேன். வைக்கவில்லை. ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்ந்து வந்தன. நாலு அடிக்கு ஒருமுறை எல்லாம் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

கிளமென்ட், என்னோடு பேச வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தாமுவோடு பேசு, அது போதும். நவோமி என்ன படித்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. என்னிடம் இருப்பதில் அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அவளுடைய புதுப் போட்டோ ஒன்று, போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி, ஒன்றே ஒன்று எடுத்துத் தபாலில் போடு.